பிடி அரிசி வளர்த்த ஊழியம்

1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர்களில் முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா. இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்தியர் நிர்வாகம் என்பதே சங்கத்தின் உறுதி. அடுத்த ஆண்டே நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதிக்கு முதல் மிஷனரி புறப்பட்டார். 1909இல் அசரியாவே அங்கே போய்ச் சேர்ந்தார். தெலுங்கு பேசும் ஏழை மக்களோடு வாழ்ந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இத்தனைக்கும் பணம் தந்த திருநெல்வேலிச் சபைகளில் பெரும்பாலோர் பனையேறிகளும் சிறு விவசாயிகளும்தான். பதநீர் இறங்கும் மாதங்களில்தான் அவர்கள் கையில் நாலு காசு புழங்கும். ஆனாலும் கொடுத்தார்கள்.

அந்தப் பழக்கத்தை என் ஆச்சியிடம் கண்டிருக்கிறேன். உலையில் போட அளந்த அரிசியில் ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையிலிருக்கும் கலயத்தில் போடுவாள். "முதல் பிடி ஆண்டவருக்கு ஏட்டி, மிச்சந்தான் நமக்கு" என்பாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் கருப்பட்டி, முட்டை, முருங்கைக்காயோடு ஏலம் விடுவார்கள்.

மிஷனரி வரலாறு எழுதுகிறவர்கள் பேராயர்களின் பெயர்களைச் சொல்கிறார்கள். கலயம் நிரப்பிய பெண்களையும் அதில் சேர்த்தே எழுத வேண்டும். அவர்களுக்கு விசுவாசம் என்பது அன்றாடம் அடுப்படியில் செய்த வேலை.