வேட்டை லைசென்ஸ் (மறைவு: 1991)

காப்புக்காட்டில் பொழுதுபோக்காகச் சுடுவதற்கு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்துவந்த காகிதம் 1991-இல் காலமானது. வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அந்த ஆண்டு வந்த திருத்தம்தான் பாடை கட்டியது. தாம்பரம் வட்டாரத்தில் யாரும் ஒப்பாரி வைத்ததாகத் தெரியவில்லை.

1972-இல் சட்டம் வந்தபோதே கதை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டமே பெருவேட்டை, சிறுவேட்டை என்று வகை பிரித்து லைசென்ஸ் தர இடம் வைத்திருந்தது. அதற்கு முன்னால் 1882-இன் மதராஸ் வனச் சட்டம். விதிப்படி அனுமதி வாங்கியவர் செய்தால் வேட்டை, வாங்காதவர் செய்தால் களவு. கவுதாரிக்குக் கண்ணி வைத்தவன் ஸ்டேஷனில் குந்தியிருக்க, இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வந்த துரைக்குச் சலாம் விழுந்தது.

துரைகளுக்குத் தென்சென்னை தோதான இடம். கிண்டி கவர்னர்களின் வேட்டைக்காடு. சுடுவதற்காகக் காத்துவைத்த காட்டில் வெளிமான் மிஞ்சியது. 1978-இல் அந்த மிச்சம் சுமார் 270 ஹெக்டேரில் தேசியப் பூங்கா ஆனது. இறந்தவர் கணக்கில் இந்த ஒரு புண்ணியத்தை எழுதத்தான் வேண்டும்.

ஏரியும் நஞ்செயும் இருந்த பக்கம் உள்ளான் வேட்டை. மழைக்காலத்தை ஒட்டி வடக்கிலிருந்து வந்திறங்கும் கோரை உள்ளான், சேற்றோடு சேறாக அசையாமல் கிடக்கும். மிதிபடப்போகிற கணத்தில் கிறீச்சிட்டு எழும்பி, இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறக்கும். அதைச் சுட்டு வீழ்த்துவதில்தான் கெத்து. கறி என்னவோ ஒரு வாய்க்குத் தேறாது. இன்று லைசென்ஸ் இருந்தாலும் எங்கே போய்ச் சுடுவது? பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதியைப் பெருங்குடிக் குப்பைமேடும் கட்டடங்களும் தின்றுவிட்டன.

எதிர்ப்பு லைசென்ஸைவிடப் பழையது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-இல் கௌல், அதாவது எழுத்து மூலமான உறுதி, வாங்கினார்கள். இரக்கம் மட்டுமல்ல, கணக்கும் உண்டு: பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம்.

தடைகள் ஒவ்வொன்றாக வந்ததில் துரைமார்களின் வாரிசுகளுக்கு ஒரு பொழுதுபோக்கு போயிற்று. காடை விற்ற நரிக்குறவருக்கும், பாம்புத்தோலை நம்பியிருந்த இருளருக்கும் போனது சோறு. தோல் ஏற்றுமதி 1976-இல் நின்றதும் இருளர் குடும்பங்கள் பட்ட பாட்டை துரைமார்களின் எந்தக் கிளப்பும் பட்டதில்லை. 1978-இல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் நடக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் பிடித்து, மண்பானையில் வைத்திருந்து, விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம்தான் போகிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று கணக்குப்போட்டு அனுமதி தருவது, அன்று வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்த அதே வனத்துறை.