தராசும் தவணையும்: உடல் நிறையை அளந்தறிந்த வரலாறு

உடல் மெலிய விரும்புவோர் எத்தனை நாளுக்கொருமுறை தம்மை நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு வைத்தியரிடம் கேட்டுத் தெளியவேண்டிய சிறியதோர் ஐயமாகவே தோன்றும். ஆயின், இவ்வினாவுக்குக் கடந்த நான்கு நூற்றாண்டுகளில் வழங்கப்பட்ட விடைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. அவ்வேறுபாடுகள் உடலைப்பற்றிய அறிவின் வளர்ச்சியால் மட்டும் விளைந்தவையல்ல. தராசு எங்கே இருந்தது, யாருடைய கையில் இருந்தது, எதனை அறியும் பொருட்டு மனிதன் அதில் ஏறினான் என்பனவும் நிறுவையின் தவணையைத் தீர்மானித்துள்ளன. இவ்வரலாற்றினை நோக்குவது, இன்றைய வினாவுக்குத் தக்க விடை காண்பதற்கும் துணைபுரியும்.

மனிதனைத் தராசில் ஏற்றும் வழக்கம் பழமையானதே. தென்னாட்டு மன்னர் துலாபாரம் ஏறிப் பொன்னைத் தானஞ் செய்தமை கல்வெட்டுக்களால் அறியப்படுகின்றது. முகலாயப் பேரரசரும் தம் பிறந்தநாள்களில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் எதிராக நிறுக்கப்பட்டனர். ஆயினும், இவ்விடங்களில் அறியவேண்டியிருந்தது எதிர்த்தட்டில் வைக்கப்படும் பொருளின் அளவேயன்றி, ஏறியவரின் உடல்நிலை அன்று. உடலை அறிவதற்காகவே உடலை நிறுக்கும் முறை, ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெளிவான வடிவம் பெற்றது எனலாம்.

அம்முறையின் முன்னோடி சன்ற்றோறியோ சன்ற்றோறியோ (1561-1636) என்னும் இத்தாலிய மருத்துவர் ஆவார். 1611ஆம் ஆண்டு முதல் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய இவர், பெரியதொரு வெள்ளிக்கோலிலிருந்து நாற்காலியொன்றைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தவாறு தம் நிறையையும், உண்டவற்றின் நிறையையும், உடல் கழித்தவற்றின் நிறையையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அளந்துவந்தார். இதன் பயனாக எழுந்த நூல் 1614இல் வெளிவந்தது. ஒருநாளில் எட்டு இறாத்தல் உணவும் பானமும் உட்கொள்ளப்படுமாயின், அதில் ஐந்து இறாத்தல் வரை கண்ணுக்குப் புலப்படாத ஆவியாக உடலைவிட்டு நீங்குகின்றது என்பது அவர் கண்ட முடிவு. உண்ணும் அளவு போதியதானவுடன் ஆசனம் சற்றுத் தாழ்ந்து, உண்பவரை எச்சரிக்குமாறும் அக்கருவி அமைக்கப்பட்டிருந்தது. எனினும், சன்ற்றோறியோவின் நோக்கம் மெலிதல் அன்று. உட்செல்வதும் வெளியேறுவதும் சமநிலையில் நிற்றலே உடல்நலம் என அவர் கருதினார். நாளுக்குள்ளேயே நிறை ஓயாது மாறுகின்றது என்னும் உண்மையை எண்களால் முதன்முதல் நிலைநாட்டியவர் அவரே. அவ்வகையில், பிற்காலத்தவரைக் குழப்பிய நாளாந்த ஏற்றத்தாழ்வு அவருக்கு இடையூறாகவன்றி ஆய்வுப்பொருளாகவே அமைந்தது.

அடுத்த கட்டத்தில் தராசு ஆய்வாளனின் அறையைவிட்டு வணிகனின் கடைக்கு வந்தது. இலண்டன் செயின்ற் ஜேம்ஸ் வீதியில் 1698இல் தொடங்கப்பட்ட கடையொன்றிலே கோப்பி நிறுப்பதற்கெனப் பெரிய தராசு தொங்கியது. 1765 முதல் அக்கடையின் வாடிக்கையாளரும் அதில் ஏறித் தம் நிறையைப் பேரேடுகளிற் பதிவுசெய்வித்தனர். கவிஞர் பைரன் பிரபு 1806இல் அங்கு நிறுக்கப்பட்டபோது 194 இறாத்தல் இருந்தார். பின்னர் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டினால் பெரிதும் மெலிந்தமையை அதே பேரேடுகள் காட்டுகின்றன. இங்கு தவணை என ஒன்று இருக்கவில்லை. கனவான்கள் அவ்வீதியால் சென்றபோது ஏறினர். சிலரின் ஒரு பதிவுக்கும் மறு பதிவுக்கும் இடையே மாதங்களும் ஆண்டுகளும் கழிந்தன. நிறையை அறிதல் அவர்களுக்குக் கடமையாக அன்றிப் பொழுதுபோக்காகவே இருந்தது.

மெலியும் நோக்குடன் ஒழுங்கான கால இடைவெளியில் நிறையைக் குறித்து, அதனை உலகறியச் செய்தவர் வில்லியம் பான்ரிங் ஆவார். இலண்டனில் ஈமச்சடங்கு ஒழுங்குகளைச் செய்யும் தொழிலை நடத்திய இவர் 1862இல் 202 இறாத்தல் நிறையுடையவராய், மாடிப்படியில் முன்புறமாக இறங்கவும் இயலாது இடர்ப்பட்டார். வைத்தியர் வில்லியம் ஹாவி கூறியபடி பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு முதலியவற்றைத் தவிர்த்து, ஏறத்தாழ ஓராண்டில் 46 இறாத்தல் குறைந்து 156 இறாத்தலை அடைந்தார். 1863இல் அவர் வெளியிட்ட சிறுநூலில் இக்குறைவு திகதிவாரியாக அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளது. பதிவுகளுக்கு இடையேயான காலம் பெரும்பாலும் மூன்று வாரம். ஒவ்வொரு முறையும் குறைந்தது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று இறாத்தல். பருமனானோர் தொடக்கத்தில் ஒருமுறை சரியாக நிறுத்து, பின்னர் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை நிறுத்துவரின் தம் முயற்சியில் நம்பிக்கை பெறுவர் எனவும் அவர் அறிவுறுத்தினார். அட்டவணையிற் காணும் ஒழுங்கான இறக்கம் பான்ரிங்கின் உறுதிக்கு மட்டுமன்றி, அவர் கைக்கொண்ட நீண்ட இடைவெளிக்கும் சான்றாகும் என்பது மனங்கொளத்தக்கது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறியது. பேர்சிவல் எவறிற் என்பவர் 1885இல் ஐக்கிய அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற, நாணயமிட்டால் இயங்கும் நிறுவைப் பொறி, புகையிரத நிலையங்களிலும் மருந்துக்கடைகளிலும் இடம்பெற்றது. ஒரு சதம் உள்ளவன் விரும்பியபோது ஏறலாம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிறிய தராசு வீட்டின் குளியலறைக்குள்ளும் புகுந்தபோது, அச்சதமும் தேவைப்படவில்லை. பிறர் காண நிகழ்ந்த ஒன்று தனிமையில் நிகழ்வதாயிற்று. இதே காலத்தில் ஆயுட் காப்புறுதி நிறுவனங்கள் நிறையை ஆபத்தின் அளவுகோலாக்கின. அமெரிக்க மெற்றோபொலிற்றன் நிறுவனம் 1942இலும் 1943இலும் முறையே பெண்களுக்கும் ஆண்களுக்கும் 'இலட்சிய நிறை' அட்டவணைகளை வெளியிட்டது. காப்புறுதிக்காரருக்கு ஒருவரை ஒப்பந்தத்தின்போது ஒருமுறை நிறுத்தலே போதுமாயிருந்தது. ஆனால், அவ்வட்டவணையைச் சுவரில் ஒட்டிய இல்லத்தவருக்கோ ஒவ்வொரு காலையும் தேர்வு நாளாயிற்று. எண் ஒன்று, உடலின் நிலையைக் கூறுவதோடு அமையாது உடையவரின் ஒழுக்கத்துக்கும் தீர்ப்புக் கூறத் தொடங்கியது இக்காலத்திலேயாகும்.

தராசு கூறும் எண் உண்மையில் எதனைக் குறிக்கின்றது என்பதை 1944-45இல் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வொன்று தெளிவாக்கிற்று. அன்சல் கீஸ் என்பாரின் தலைமையில், தாமாக முன்வந்த 36 ஆண்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்களுடைய உடல்கள் மெலிந்துகொண்டே சென்றபோதும் கால்களிலும் முகத்திலும் நீர் கோத்து வீக்கம் ஏற்பட்டமையால், இழக்கப்பட்ட இழையத்தின் ஒரு பகுதியைத் தராசு மறைத்தது. கொழுப்பையும் தசையையும் நீரையும் தராசு வேறுபடுத்தி அறியாது. கடும் பட்டினியில் வெளிப்படையாகத் தெரிந்த இவ்வுண்மை, அன்றாட வாழ்விலும் சிறிய அளவிற் பொருந்துவதாகும்.

இதனை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமமானது. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்பவர் ஒருநாளில் இழக்கும் கொழுப்பு 65 கிராம் அளவினதே. ஆனால், ஒரு லீற்றர் நீர் அருந்திய மாத்திரத்தே நிறை ஒரு கிலோகிராம் கூடும். உப்பு மிகுந்த உணவு, மலச்சிக்கல், பெண்களின் மாதவிடாய்ச் சுழற்சி ஆகியனவும் நிறையை இவ்வாறு மாற்றும். ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் கிளைக்கோசன் தன்னைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு நீரைத் தன்னோடு பிணைத்திருப்பதால், மாப்பொருளைக் குறைத்து உண்பவர் முதல் வாரத்தில் விரைந்து மெலிவதுபோலத் தோன்றுவதும் பெரும்பாலும் நீரிழப்பே. எனவே, நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிடுபவர், 65 கிராம் மாற்றத்தை ஆயிரம் கிராம் அலையினிடையே தேடுபவராவார். ஒழுங்காக உண்டவர் காலையில் அரைக் கிலோ கூடியிருக்கக் கண்டு மனமுடைவதும், வரம்பின்றி உண்டவர் குறைந்திருக்கக் கண்டு மகிழ்வதும் இதனாலேயே நிகழ்கின்றன. மூன்று வாரம் பொறுத்தவருக்கோ மாற்றம் ஒரு கிலோவைக் கடந்து, அலையையும் மேவி நிற்கும். பான்ரிங் இக்கணக்கினை அறியாதே அதன் பயனைப் பெற்றார்.

1963இல் ஜீன் நிடெச் என்னும் நியூயோர்க் இல்லத்தரசி நிறுவிய மெலிவோர் கூட்டமைப்பு, வாரம் ஒருமுறை கூடி நிறுக்கும் முறையைப் பரப்பியது. அத்தவணை கூட்டம் நடைபெறும் நாளினால் அமைந்ததாயினும், ஒரு வாரத்தில் அரைக்கிலோவளவு உண்மையான மாற்றம் நிகழக்கூடுமாதலின் முற்றிலும் பொருத்தமற்றதன்று. அண்மைக்கால ஆய்வுகளோ நாள்தோறும் நிறுத்தலையும் ஆதரிக்கின்றன. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முன்னரே மெலிந்திருந்த 314 பேர் 18 மாதங்கள் அவதானிக்கப்பட்டனர். செய்திமடல் மட்டும் பெற்றோருள் 72.4 வீதத்தினர் 2.3 கிலோ அல்லது அதற்கு மேலாக மீண்டும் பருத்தனர். நாள்தோறும் நிறுக்கப் பயிற்றப்பட்டு நேரிற் கூடி வழிநடத்தப்பட்டோருள் அவ்வாறு பருத்தோர் 45.7 வீதத்தினரே. இவர்கள் எண்ணை வெறுமனே பார்த்து வருந்தவில்லை. குறித்த எல்லைக்குள் நின்றால் பச்சை, சற்று மிஞ்சினால் மஞ்சள், மேலும் மிஞ்சினால் சிவப்பு என வகுத்து, ஒவ்வொன்றுக்கும் செய்யவேண்டியதை முன்னரே அறிந்திருந்தனர். அலையின் வீச்சு எத்துணை என்பது எல்லையை வகுத்தபோதே கணக்கிற் கொள்ளப்பட்டிருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உண்ணல்சார் உளநோயுடையோர்க்கும் அதற்கு அண்மித்த நிலையிலுள்ளோர்க்கும், குறிப்பாக இளம்பெண்கள் பலருக்கும், அடிக்கடி நிறுத்தல் மனச்சோர்வையும் பட்டினி கிடக்கும் போக்கையும் வலுப்படுத்தக்கூடும். அத்தகையோர் விடயத்தில் வினா எத்தனை நாளுக்கொருமுறை என்பதன்று. தராசு வீட்டில் இருத்தல் தகுமா என்பதேயாகும். அதனைத் தீர்மானிப்பதற்கு வைத்தியரின் துணை வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, நிறுவைக்கு எக்காலத்துக்கும் எல்லோருக்கும் உரிய தவணை ஒன்று வரலாற்றில் இருந்ததில்லை. நாள்தோறும் நிறுக்க விரும்புபவர், காலையில் உண்ணுமுன் ஒரே நிலையில் நிறுத்து, ஏழு நாளின் சராசரியை முன்னைய வாரத்துச் சராசரியோடு ஒப்பிடுதல் வேண்டும். அது மனத்தை வருத்துமாயின், வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து, மூன்று நான்கு வாரங்களின் போக்கைக் கொண்டே முடிவு செய்தல் நன்று. இரண்டிலும் விலக்கவேண்டியது ஒன்றே: தனியொரு நாளின் எண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளுதல். முப்பது ஆண்டுகள் தராசில் அமர்ந்திருந்த சன்ற்றோறியோ, நிறை ஓயாது அசைவது என அன்றே காட்டியிருந்தார். தராசு மலிவாகி வீட்டுக்கு வந்த வேகத்தில் அவ்வறிவு கூடவே வந்து சேராமையே பலருடைய இன்றைய மனத்துயருக்குக் காரணமாயிற்று.