ரோனன் பாயின்ட்டும் அடுக்குமாடி எரிவாயு விதிகளும்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழாய் எரிவாயுவைக் கட்டுப்படுத்தும் பிரிட்டனின் விதிகளில் பெரும்பகுதி 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் நடந்த ஒரு விபத்தில் வேர் கொண்டவை. நியூஹாம் மாநகரப் பிரிவில், கேனிங் டவுனுக்கு அருகே நின்ற அந்தக் கோபுரத்தின் பெயர் ரோனன் பாயின்ட். 22 தளங்கள், தளத்துக்கு ஐந்து வீடுகள், மொத்தம் 110. மக்கள் குடியேறத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதமே ஆகியிருந்தது.

எரிவாயு லண்டனுக்குப் புதிதல்ல. கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி 1812லேயே அரச சாசனம் பெற்று, நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த வாயுவைத் தெருக்களுக்குக் குழாய் வழியே அனுப்பியது. முதலில் விளக்கு, பிறகு அடுப்பு, அதன்பின் அறையைச் சூடேற்றும் கணப்பு என்று அது வீட்டுக்குள் நுழைந்தது. 1949ல் தொழில் தேசியமயமாகி, வட்டார எரிவாயு வாரியங்களின் கைக்கு வந்தது. வாயுவின் தரம், அழுத்தம், விலை, மீட்டர் ஆகியவற்றுக்கெல்லாம் நெடுங்காலமாகச் சட்டம் இருந்தது. வீட்டுக்குள் அடுப்பைக் குழாயோடு இணைப்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்கும் நாடு தழுவிய சட்டம் மட்டும் இல்லை. தெரிந்தவர், அக்கம்பக்கத்தவர், நண்பர் என்று யாரும் அந்த வேலையைச் செய்து கொடுக்கலாம்.

தனி வீடுகளும் செங்கல் கட்டடங்களும் இருந்த காலத்தில் இந்த இடைவெளி பெரிதாகத் தெரியவில்லை. ஒரு வீட்டில் வாயு கசிந்து வெடித்தால் பெரும்பாலும் அந்த வீட்டோடு சேதம் நின்றது. போருக்குப் பின் வந்த வீட்டுப் பஞ்சம் கட்டும் முறையையே மாற்றியது. தொழிற்சாலையில் வார்த்த காங்கிரீட் பலகங்களைக் கிரேனால் தூக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரங்கள் எழுப்பினார்கள். ரோனன் பாயின்ட் கட்டப்பட்டது லார்சன்-நீல்சன் என்ற டென்மார்க் முறையில். தூண்களும் உத்தரங்களும் கொண்ட சட்டகம் இதில் கிடையாது. சுவர்ப் பலகமே மேல்தளத்தைத் தாங்கும். மேல்தளத்தின் எடைதான் சுவரை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும். ஆறு தளங்களுக்கு மேற்படாத கட்டடங்களுக்காக உருவான முறையை 22 தளங்களுக்கு நீட்டியதுதான் அங்கே நடந்தது.

அன்று விடியற்காலை, ஏறத்தாழ 5.45 மணிக்கு, 18ஆம் தளத்தின் தென்கிழக்கு மூலை வீட்டில் குடியிருந்த பெண் தேநீர் போடுவதற்காகத் தீக்குச்சி கிழித்தார். இரவில் கசிந்து நிறைந்திருந்த வாயு வெடித்தது. வெடிப்பு மூலையின் வெளிச்சுவர்களை அப்படியே வெளியே தள்ளிவிட்டது. தாங்க எதுவுமின்றி 19 முதல் 22 வரையிலான தளங்களின் மூலைப் பகுதி கீழே சரிந்தது. விழுந்த எடையைத் தாங்காமல் 17ஆம் தளம் உடைந்தது, பிறகு அதற்குக் கீழே உள்ளவை. கடைசியில் அந்த மூலை முழுவதும் அடித்தளம் வரை இடிந்து போயிற்று. நான்கு பேர் இறந்தார்கள். 17 பேர் காயமுற்றார்கள். தீக்குச்சி கிழித்தவர் உயிர் தப்பினார். சாவு இந்த அளவில் நின்றதற்குக் கட்டடத்தின் வலிமை காரணமல்ல, நேரமும் தற்செயலும்தான். வெடித்த வீட்டுக்கு நேர் மேலிருந்த நான்கு வீடுகளில் மூன்றில் இன்னும் குடிவரவில்லை. கீழ்த்தளங்களில் இடிந்தவை வரவேற்பறைகள். அந்நேரத்தில் மக்கள் படுக்கையறைகளில் இருந்தார்கள்.

அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்கு வழக்கறிஞர் ஹியூ கிரிஃபித்ஸ் தலைமை தாங்கினார். கட்டமைப்புப் பொறியாளர் ஆல்ஃபிரட் பக்ஸ்லியும் பொறியியல் பேராசிரியர் ஓவன் சாண்டர்ஸும் உடனிருந்தார்கள். கசிவுக்கான காரணத்தை அவர்கள் ஒரு பித்தளை நட்டில் கண்டார்கள். அடுப்பின் வளைகுழாயை எரிவாயுக் குழாயோடு இணைத்த அந்த நட்டு தரமற்றது, விளிம்பு இருக்க வேண்டிய தடிமனில் இல்லை, அது உடைந்திருந்தது. அதோடு நின்றிருந்தால் அறிக்கை பொருத்துநரின் கவனக்குறைவைப் பற்றிய இன்னொரு கோப்பாக முடிந்திருக்கும். நட்டு உடைந்ததற்கும் கோபுரத்தின் ஒரு மூலையே இடிந்ததற்கும் இடையே இருக்கும் தூரத்தைக் குழு அளந்து பார்த்ததுதான் அதன் பெருமை.

வெடிப்பு அசாதாரணமானதல்ல என்று குழு முடிவு செய்தது. அந்தப் பெண்ணின் காதுச் சவ்வு கிழியாததே வெடிப்பின் அழுத்தத்துக்கு மேல்வரம்பு காட்டியது. சுவர்ப் பலகமோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோநியூட்டன் அழுத்தத்திலேயே இடம்பெயரக்கூடியது, அதாவது சுமார் இரண்டு டன் எடைக்கு ஈடான தள்ளலில். இன்னொரு கணக்கு மேலும் கலக்கமூட்டியது. கட்டமைப்பைச் சேதப்படுத்தும் அளவிலான எரிவாயு வெடிப்பு ஆண்டுக்குப் பத்து லட்சம் வீடுகளில் சுமார் 3.5 இடங்களில் நிகழ்ந்தது. ஒற்றை வீட்டுக்கு அது மிகச் சிறிய எண். 110 வீடுகள் கொண்ட கோபுரம் 60 ஆண்டுகள் நிற்கும் என்று வைத்துப் பெருக்கினால், ஏறத்தாழ ஐம்பது கோபுரங்களில் ஒன்றுக்கு அதன் ஆயுளில் ஒருமுறை அப்படி வெடிப்பு நேரும் என்று விடை வந்தது. வீட்டு எண்ணிக்கையால் பெருகும் இந்த ஆபத்தை அதுவரை எந்தக் கட்டட விதியும் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

1968 நவம்பரில் உள்ளாட்சிகளுக்குச் சுற்றறிக்கை போனது. பெரும்பலகக் கோபுரங்களை ஆய்வு செய்யுங்கள், அதுவரை எரிவாயுவை நிறுத்துங்கள் என்பதே சாரம். அதிலிருந்து இரண்டு அளவுகோல்கள் நிலைபெற்றன. குழாய் எரிவாயு உள்ள கட்டடம் சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். எரிவாயு இல்லாத கட்டடத்துக்கு 17 போதும். இதனால் ஒவ்வொரு உள்ளாட்சியின் முன்னும் இரண்டு வழிகள் நின்றன. இணைப்புகளில் இரும்புக் கோணங்களைப் பொருத்தி வலுவூட்டலாம், அல்லது எரிவாயுவை அடியோடு எடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாறலாம். பின்னது மலிவு. ரோனன் பாயின்ட் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் குடியேற்றப்பட்டபோது அங்கே எரிவாயு இல்லை. புதுக் கட்டடங்களுக்காக 1970ல் கட்டட விதிகளின் ஐந்தாம் திருத்தம் வந்தது. ஐந்து தளங்களும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்தில் ஒரு பகுதி போனாலும் அந்தச் சேதம் தளம் தளமாகப் பரவக்கூடாது என்று அது கட்டளையிட்டது.

கட்டடத்தின் பக்கம் இப்படி என்றால், பொருத்துநரின் பக்கமும் மாறியது. எரிவாயுப் பொருத்துநர்களைப் பதிவு செய்யும் கோர்கி அமைப்பு 1970ல் தோன்றியது. அப்போது சேர்வது அவரவர் விருப்பம். 1972ன் எரிவாயுப் பாதுகாப்பு விதிகள், தகுதியுள்ளவர் மட்டுமே இணைப்பு வேலை செய்யலாம் என்று சட்டமாக்கின. தொழிலாகச் செய்பவர்களுக்குப் பதிவு கட்டாயமானதோ 1991ல்தான். நட்டு உடைந்ததற்கும் இதற்கும் இடையே 23 ஆண்டுகள் ஓடிவிட்டன. இவ்வளவு தெளிவான பாடத்துக்கு இது நீண்ட தாமதம். 2009ல் கோர்கியின் இடத்தை கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் எடுத்துக்கொண்டது. இன்று நடைமுறையில் உள்ள 1998ன் விதிகள் வாடகைக்கு விடுபவர் மீதும் கடமை சுமத்துகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை அடுப்பு, கொதிகலன், புகைப்போக்கி ஆகியவற்றைப் பதிவுபெற்றவர் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைப் பதிவை அடுத்த இரண்டு சோதனைகள் முடியும்வரை வைத்திருக்க வேண்டும். 28 நாளுக்குள் அதன் நகல் குடியிருப்பவரிடம் சேர வேண்டும்.

இதே ஆண்டுகளில் வாயுவும் மாறிக்கொண்டிருந்தது. வட கடலின் இயற்கை எரிவாயு 1967ல் கரை சேர்ந்தது. அடுத்த பத்தாண்டில் நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று அடுப்புகளை அதற்கேற்ப மாற்றினார்கள். நிலக்கரி வாயுவில் இருந்த கார்பன் மோனாக்சைடு நச்சு புதியதில் இல்லை. ஆனால் இயற்கை எரிவாயுவுக்கு வாசனையும் இல்லை. கசிவு மூக்குக்கு எட்டுவதற்காகக் கந்தகச் சேர்மங்களைக் கலந்து அனுப்புகிறார்கள். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருக்கும்போது அது பற்றிக்கொள்ளும். காற்றைவிட லேசானதால் மேலே ஏறித் தங்கும். மாடிகளில் ஏறும் நிலைக்குழாயை மூடிய சுவருக்குள் புதைக்காமல், வெளிக்காற்றோடு தொடர்புள்ள தனிக் கூண்டில் கொண்டுபோவதும், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அவசர வால்வு வைப்பதும், குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்தைத் தீ தாவாதபடி அடைப்பதும் இந்தக் குணங்களை ஒட்டி எழுந்த நடைமுறைகள்.

உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும் வெளியிலிருந்து ஆபத்து வரலாம் என்று 1985 ஜனவரி 10 காட்டியது. லண்டனின் புட்னியில் நியூனம் ஹவுஸ் என்ற அடுக்ககம் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். நிலத்தடியில் விரிசல்விட்ட வார்ப்பிரும்புக் குழாயிலிருந்து கசிந்த வாயு கட்டடத்துக்குள் புகுந்திருந்தது. குடியிருப்புகளிலிருந்து 30 மீட்டருக்குள் உள்ள இரும்புக் குழாய்களை 30 ஆண்டுகளில் மாற்றும் திட்டம் 2002ல் தொடங்கியது.

ரோனன் பாயின்ட்டின் கதை 1986ல் முடிந்தது. கட்டடக் கலைஞர் சாம் வெப் பல ஆண்டுகளாக எழுப்பிவந்த ஐயங்களுக்குப் பிறகு குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டு, கோபுரம் தளம் தளமாகக் கழற்றப்பட்டது. பலகங்களின் இணைப்புகளில் காரை நிரப்பியிருக்க வேண்டிய இடங்கள் வெற்றாகக் கிடந்தன. சிலவற்றில் செய்தித்தாளைத் திணித்திருந்தார்கள். வரைபடத்தில் இருந்த வலிமைகூடக் கட்டியவர் கையில் குறைந்து போயிருந்தது. கிரிஃபித்ஸ் குழுவின் கணக்குகள், இணைப்புகள் ஒழுங்காகக் கட்டப்பட்டவை என்ற நம்பிக்கையில் போடப்பட்டவை.

அதே முறையில் எழுந்த மற்ற கோபுரங்கள் நின்றன. எது வலுவூட்டப்பட்டது, எதில் எரிவாயு எடுக்கப்பட்டது என்ற விவரம் உள்ளாட்சிகளின் கோப்புகளில் இருந்திருக்க வேண்டும். 2017ல், கிரென்ஃபெல் தீ விபத்துக்குப் பின், தெற்கு லண்டனின் லெட்பரி குடியிருப்பில் வசித்தவர்கள் தங்கள் சுவர்களில் இருந்த விரிசல்களைச் சுட்டிக்காட்டினார்கள். லார்சன்-நீல்சன் முறையில் எழுந்த நான்கு கோபுரங்கள் அவை. ஆய்வு செய்த அருப் நிறுவனம், எரிவாயுவைத் தாங்கும் அளவுக்கு அவை வலுவூட்டப்பட்டதற்குச் சான்றில்லை என்று கண்டது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் எரிவாயு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டது. குடியிருந்தவர்கள் அடுப்பும் வெந்நீரும் இல்லாமல் தவித்தார்கள். அடுத்து வடக்கு லண்டனின் பிராட்வாட்டர் ஃபார்ம் சோதிக்கப்பட்டது. அங்கே பெரும்பாலான கட்டடங்கள் 34 கிலோநியூட்டன் அளவுகோலை எட்டவில்லை. டாங்மியர், நார்தோல்ட் ஆகிய இரண்டும் 17ஐக்கூடத் தாங்காதவை என்று தெரிந்து, காலி செய்யப்பட்டன.

இந்த வீடுகளின் அடுப்புகளுக்கு ஆண்டுச் சோதனை உண்டு, அதைச் செய்தவர்கள் பதிவுபெற்றவர்கள். அந்தச் சோதனை அடுப்பையும் குழாயையும் பார்க்கிறது. சுவர் தாங்குமா என்று பார்ப்பது அதன் வேலையல்ல. சுவரைப் பற்றிய கேள்விக்கு 1968ன் ஆய்வுக் கோப்புதான் பதில் சொல்ல வேண்டும், அது கைமாறிக் கைமாறித் தொலைந்திருந்தது. 2022ன் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் இங்கிலாந்தில் 18 மீட்டர் உயரமோ ஏழு தளங்களோ கொண்ட குடியிருப்புகளை இந்தக் குறையை ஒட்டியே அணுகுகிறது. தீப் பரவலும் கட்டமைப்புச் சரிவும் ஒரே பொறுப்பாளரின் கடமைக்குள் வருகின்றன. கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது, பிறகு என்னென்ன மாற்றப்பட்டன என்ற தகவலை மின்னணு வடிவில், கட்டடத்தின் ஆயுள் முழுவதும், அவர் பேணிவர வேண்டும். பொறுப்பு கைமாறும்போது அதையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும்.