மகிழுந்துப் பூச்சில் சுழற்கீறல் நீக்கம்

சுழற்கீறல்கள் என்பவை மகிழுந்தின் வண்ணப்பூச்சின் மேற்பரப்பில் ஏற்படும் மிக நுண்ணிய கீறல்கள் ஆகும். வெயிலிலோ தெருவிளக்கின் கீழோ பார்க்கும்போது இவை சிலந்தி வலை போல வட்டவட்டமாகத் தெரியும். இவற்றை மெருகிட்டு நீக்கும் வழக்கத்தின் வரலாறு, மகிழுந்துப் பூச்சின் வரலாற்றோடு இணைந்தது. கீறலை நீக்குவது என்பது பள்ளத்தை நிரப்புவது அன்று; பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் குறைப்பதாகும். எனவே, தேய்ப்பதற்கு எவ்வளவு பூச்சு இருக்கிறது என்பதே ஒவ்வொரு காலத்திலும் இவ்வேலையின் தன்மையைத் தீர்மானித்தது.

வட்டமாகத் தெரிவதன் காரணம்

இக்கீறல்களில் பெரும்பாலானவை வட்டமானவை அல்ல. துணியில் ஒட்டிய மணல், தூசி ஆகியவை கழுவும்போதும் துடைக்கும்போதும் எல்லாத் திசைகளிலும் குறுங்கோடுகளைக் கிழிக்கின்றன. ஒரு விளக்கின் ஒளி படும்போது, அதன் பிம்பத்தைச் சுற்றிக் குறுக்காக அமைந்த கோடுகள் மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை மறைந்திருப்பதால், விளக்கை மையமாகக் கொண்ட வட்டங்கள் இருப்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. பார்ப்பவர் நகர்ந்தால் வட்டங்களும் உடன் நகர்வது இதற்குச் சான்று. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களில் இவை மிகத் தெளிவாகத் தெரியும்.

வார்னிஷ் காலம்

தொடக்ககால மகிழுந்துகளுக்குக் குதிரை வண்டிகளுக்கு வண்ணமடித்த முறையே பின்பற்றப்பட்டது. எண்ணெய் கலந்த வண்ணமும் வார்னிஷும் தூரிகையால் பல அடுக்குகளாகப் பூசப்பட்டன. ஒவ்வோர் அடுக்கும் காய்ந்தபின், நுரைக்கல் பொடியும் நீரும் கொண்டு சமன்படத் தேய்க்கப்பட்டது. ஒரு வண்டி முழுமை பெற வாரக்கணக்கில் ஆனது. தேய்த்தல் அக்காலத்தில் பழுது நீக்கும் வேலையாக அன்றி, வண்ணமடிக்கும் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1921இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் நீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய உப்புத்தாளை வெளியிட்டது. உலர் தேய்ப்பில் எழுந்த தூசியை இது வெகுவாகக் குறைத்ததால் மகிழுந்துப் பட்டறைகளில் விரைவில் இடம்பிடித்தது.

லேக்கரின் வருகை

1920களில் டூபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து டூக்கோ என்னும் நைட்ரோசெல்லுலோசு லேக்கரை மகிழுந்துகளுக்குக் கொண்டுவந்தன. 1924ஆம் ஆண்டு மாதிரியான ஓக்லண்டு மகிழுந்து இப்பூச்சுடன் நீல நிறத்தில் வெளிவந்தது. கரைப்பான் ஆவியானதும் இது காய்ந்துவிடும். வாரங்கள் பிடித்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டதை நினைத்தால், பல நிறங்களில் விரைந்து காயும் பூச்சு எத்தகைய மாற்றம் என்பது புரியும்.

ஆனால் லேக்கர் தெளித்த நிலையில் பளபளப்பதில்லை. தேய்ப்புப் பசையால் மெருகிட்ட பிறகே மினுமினுப்பு வரும். மேலும், வெயில் பட்டுச் சில காலத்தில் அதன் மேற்பரப்பு சுண்ணாம்பு போல வெளுக்கும். உரிமையாளர்கள் அந்த வெளுத்த படலத்தைத் தேய்த்தெடுத்து, அடியிலுள்ள புதிய நிறத்தை வெளிக்கொணர்ந்தனர். அப்போது துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொள்ளும். பூச்சு குறைகிறது என்பதைக் கண்ணால் காணக்கூடிய காலம் அது.

இத்தேவையை ஒட்டி மெருகுப் பொருள் தொழில் வளர்ந்தது. 1901இல் அமெரிக்காவில் தொடங்கிய மெகுவையர்ஸ், முதலில் மரச்சாமான்களுக்கான மெருகுப் பொருளைத் தயாரித்தது. சிகாகோவில் 1910இல் சைமனிஸ் நிறுவனம் தோன்றியது. 1940களில் அதே நகரில் பெஞ்சமின் ஹிர்ஷ் தயாரித்த பிளாஸ்டோன் என்னும் திரவ மெருகு, பின்னாளில் டர்ட்டில் வாக்ஸ் என்று பெயர் மாற்றப்பட்டது. மெழுகு வகைகளில் வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கும் கார்னுபா புகழ்பெற்றது. மெழுகு கீறலை நீக்குவதில்லை. மேலே படிந்து மறைக்கவும் காக்கவும் மட்டுமே செய்கிறது.

தெளிபூச்சுக் காலம்

1980களில் நிற அடுக்கின் மேல் நிறமற்ற தெளிபூச்சை இடும் முறை பரவலானது. வேதிப்பிணைப்பால் இறுகும் இந்த அடுக்கு லேக்கரைவிட உறுதியானது. தெளித்து முடித்ததுமே பளபளப்பது. எனவே தொழிற்சாலையில் மெருகிடும் தேவை பெரும்பாலும் நீங்கியது. தெளிபூச்சின் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. நிறத்தை வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காக்கும் பொருள்களும் இதில்தான் உள்ளன. அளவுக்கு மீறித் தேய்த்தால் அந்தப் பகுதி சில ஆண்டுகளில் வெளுத்து உரியத் தொடங்கும்.

பழைய பழக்கம் உடனே மாறவில்லை. லேக்கருக்கான கரடுமுரடான பசையும் கம்பளித் திண்டும் தெளிபூச்சின்மேல் பயன்படுத்தப்பட்டபோது, கீறலை நீக்கிய கருவியே புதிய சுழற்கோடுகளை விட்டுச்சென்றது. துணியில் நிறம் ஒட்டாததால் எவ்வளவு பூச்சு போயிற்று என்பதும் தெரியவில்லை. இதற்கு விடையாக நுண்துகள் பசைகளும், நுரைத் திண்டுகளும், பூச்சின் தடிமனை அளக்கும் கருவிகளும் பயன்பாட்டுக்கு வந்தன. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் எந்திரத்துக்கு மாற்றாக, சுழன்றுகொண்டே இடம்பெயரும் இருவழி இயக்க எந்திரம் பரவியது. இதில் வெப்பம் ஓரிடத்தில் குவிவது குறைவு என்பதால் புதிதாகப் பழகுவோருக்கும் ஏற்றது.

இன்றைய முறை

முதலில் வண்டி நன்கு கழுவப்படுகிறது. கழுவியும் போகாத அழுக்கு, வழுக்கு நீர் தெளித்து, இதற்கென விற்கப்படும் களிமண் கட்டியால் எடுக்கப்படுகிறது. பின்னர் வலுவான விளக்கொளியில் கீறல்கள் ஆராயப்படுகின்றன. விரல்நகம் தடுக்கும் அளவு ஆழமான கீறல் மெருகிடலால் பாதுகாப்பாக நீங்காது. லேசான கீறல்களுக்கு, மென்மையான திண்டும் நுண்மையான பசையும் கொண்டு ஒரு சிறு பகுதியில் சோதித்துப் பார்ப்பது முறை. பலன் போதவில்லை என்றால் மட்டுமே அடுத்த கடுமைக்குச் செல்ல வேண்டும். சில பசைகளிலுள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் உண்மை நிலை தெரியும். இறுதியில் மெழுகோ வேறு காப்புப் பூச்சோ இடப்படுகிறது.

வருமுன் காத்தல்

மெருகிடலின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், கீறல் விழாமல் காப்பதே முதன்மை பெற்றுள்ளது. சோப்பு நீருக்கு ஒரு வாளியும் துணியை அலசுவதற்கு ஒரு வாளியும் வைத்தல், மேலிருந்து கீழாகக் கழுவுதல், தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைக்காதிருத்தல், தூய மைக்ரோஃபைபர் துணியைப் பயன்படுத்துதல் ஆகியவை இதன் வழிகள். பல வண்டிகளின் மணலைச் சுமந்த சுழல் தூரிகைகள் கொண்ட கழுவுமிடங்களும் கீறல்களுக்கு முக்கியக் காரணமாகும்.

உற்பத்தியாளர்களும் இத்திசையில் முயன்றுள்ளனர். 2003இல் மெர்சிடிஸ்-பென்ஸ் நுண்துகள் கலந்த, கீறலை எதிர்க்கும் தெளிபூச்சை அறிமுகப்படுத்தியது. 2005இல் நிசான், லேசான கீறல்கள் நாளடைவில் தாமாகவே மறையும் மீள்தன்மையுள்ள தெளிபூச்சை அறிவித்தது. நிற அடுக்கை எட்டிய ஆழமான கீறல்களுக்கு இவையும் தீர்வாகா. தெளிபூச்சு தேய்ந்து தீர்ந்தால், மறுபடி வண்ணமடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு மெருகிடலும் பூச்சின் ஆயுளிலிருந்து எடுத்துச் செலவிடப்படுவதாகவே உள்ளது.