பல்லிலிருந்து நகத்துக்கு

ஜெல் நகப்பூச்சைப் பற்றிய அச்சங்கள் பெரும்பாலும் அதை இறுகச்செய்யும் புற ஊதா விளக்கைச் சுற்றியே எழுகின்றன. அப்பூச்சின் வரலாற்றைப் பார்த்தால் அபாயம் வேறோர் இடத்தில் இருப்பது புலப்படும்.

1954இல் பிலடெல்பியாவில் ஃப்ரெடெரிக் ஸ்லாக் என்ற பல் மருத்துவரின் கட்டைவிரல் நகம் உடைந்தது. பல் சீரமைப்புக்கான அக்ரிலிக்கையும் அலுமினியத் தாளையும் கொண்டு அவர் ஒரு செயற்கை நகம் செய்துகொண்டார். அதிலிருந்து ஒரு தொழில் வளர்ந்தது. ஆனால் அதில் பயன்பட்ட மீத்தைல் மெத்தாக்ரிலேட் திரவத்தால் நகங்கள் சிதைந்தன. விரல்களில் தோல் அழற்சி கண்டது. 1970களின் முற்பகுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நீதிமன்றம் சென்று, முழுவதும் அத்திரவத்தாலான பொருட்களைச் சந்தையிலிருந்து அகற்றியது.

பின்வந்த ஜெல்லும் அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். புட்டிக்குள் தனித்தனியே இருக்கும் மூலக்கூறுகள் புற ஊதா ஒளி பட்டதும் சங்கிலிகளாக இணைந்து இறுகுகின்றன. ஆகவே 'உலர்கிறது' என்று நாம் சொல்வது பிழை. நன்கு இறுகிய பூச்சால் தீங்கு அரிது. இறுகாத ஜெல் தோலில் படும்போதே ஒவ்வாமை உண்டாகிறது. விளக்கும் பூச்சும் பொருந்தாவிட்டால் மேற்பரப்பு இறுகி, உள்ளே ஈரம் எஞ்சலாம். வீட்டில் தாமே பூசிக்கொள்வோரை 2018இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் இதுகுறித்து எச்சரித்தது.

இந்த ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். பல் குழியை அடைக்கும் பசையிலும், மூட்டு மாற்றுச் சிகிச்சையின் எலும்புச் சிமெண்டிலும் இருப்பது இதே குடும்பம். பல் மருத்துவரிடமிருந்து வந்த பொருள், அவரிடம் சிகிச்சைக்குத் திரும்புவதையே சிக்கலாக்கிவிடுகிறது என்பதுதான் நகைமுரண்.

விளக்கின் கதை என்ன? 2023இல் வெளியான கலிஃபோர்னியப் பல்கலைக்கழக சான் டியேகோ ஆய்வில், 20 நிமிட ஒளி 20 முதல் 30 விழுக்காடு செல்களைக் கொன்றது. ஆனால் அவை ஆய்வகத் தட்டில் வளர்க்கப்பட்டவை. மேல்தோலின் காப்பு அவற்றுக்கில்லை. புற்றுநோய் வரும் என்று அவ்வாய்வு நிறுவவில்லை. அஞ்சுவோர்க்கு விரல்நுனி திறந்த கையுறை உதவும்.

மேசைக்கு மறுபுறம் இருப்பவரை இந்த விவாதங்கள் மறந்துவிடுகின்றன. 1975இல் கலிஃபோர்னியாவின் அகதி முகாமொன்றில் நடிகை டிப்பி ஹெட்ரன் 20 வியட்நாமியப் பெண்களுக்கு நக ஒப்பனைப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். இன்று அமெரிக்காவில் இத்தொழிலைச் செய்வோரில் வியட்நாமியர் பெருந்திரள். வாடிக்கையாளருக்கு மாதம் ஓரிருமுறை நேரும் தொடுகை அவர்களுக்கு நாள்தோறும் நேர்கிறது. மெல்லிய லேடெக்ஸ் கையுறையையும் அத்திரவம் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.