வேலியோரத்தில் நின்றது புலிக்குட்டி இல்லை



போன கிழமை ஒரு மாணவன், "ரீச்சர், எங்கட வளவுக்குப் பின்னால புலிக்குட்டி நிக்குது. அப்பா பொல்லு எடுத்து வைச்சிருக்கிறார்" என்றான். தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினான். உடம்பில் புள்ளி இல்லை, நீண்ட கால், வால் நுனியில் கறுப்பு வளையம். காட்டுப் பூனை!

உடுப்பிட்டி உறவுகளே, இதற்கு எங்கள் மொழியில் 'வெருகு' என்ற பழைய பெயர் உண்டு. அதன் பிள்ளையைக் 'குட்டி' என்று சொல்லலாம் எனத் தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார், மாலையில் வேலிப்பக்கம் வெருகைக் கண்டு பதறிக் குஞ்சுகளைக் கூப்பிடும் வீட்டுக் கோழியைக் காட்டுகிறார். அதே புலவருக்கு முல்லை அரும்பைப் பார்த்தாலும் வெருகின் பல்தான் நினைவுக்கு வந்தது. கோழிக்கும் வெருகுக்கும் உள்ள பகை அவ்வளவு பழையது.

இலங்கையில் காட்டில் வாழும் பூனை இனங்கள் 4: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துருப்புள்ளிப் பூனை. கடைசியானது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோதான். உலகின் மிகச் சிறிய பூனை எது என்ற பேச்சில் ஆபிரிக்காவின் கருங்கால் பூனையோடு போட்டி போடுவது அதுதான். இங்குள்ள காட்டுப் பூனைக்கு, இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட்டின் பெயரை 1939இல் பொக்கொக் என்ற ஆய்வாளர் சூட்டினார்.

எங்கள் அடுப்படியில் படுத்திருக்கும் பூனையும் ஒரு காலத்தில் காட்டுப் பிராணிதான். அதன் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப் பூனை என்று 2007இல் மரபணு ஆய்வு காட்டியது. தானியக் களஞ்சியத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடி அது வந்தது. சைப்பிரசில் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். வெருகு வீட்டுக்குள் வரவில்லை. ஆனாலும் வயலில் அது பிடிப்பதும் பெரும்பாலும் எலிதான்.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்தே கொன்றார்கள். அந்தக் காணொளியை எங்கள் பிள்ளைகளும் பார்த்தார்கள். பயம் எங்களுக்கும் விளங்கும். ஆனால் புலிக்குட்டி என்று நினைத்து ஒரு பூனையை அடிப்பதை அவர்கள் எங்களிடம் படிக்க வேண்டாம்.

பொழுதுபடமுன் கோழிகளை அடையுங்கள். கூட்டுக்குக் கம்பிவலை அடியுங்கள். சந்தேகம் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

அந்த மாணவன் நேற்றுச் சொன்னான்: "அப்பா வலை அடிச்சிட்டார் ரீச்சர். பொல்லு இப்ப படலைக்கு முண்டு."