கடாரத்தின் முன் ஓர் இருக்கை

ஒரு சமூகம் யாரை மதிக்கிறது என்பதை அறிய அதன் சாத்திரங்களைப் புரட்ட வேண்டியதில்லை. அங்கே யார் உட்காருகிறார், யார் நிற்கிறார் என்று பார்த்தாலே போதும். நம் முன்னோர் விட்டு வந்த ஊர்களில் மேற்சாதியார் திண்ணையில் அமர்ந்திருக்க, உழுதவன் தெருவில் கைகட்டி நின்றான். கப்பலேறி வந்த பின்னும் அக்கட்டு அவிழவில்லை. தோட்டத்து ஆபீசில் நாற்காலி துரைக்கும் கிராணிக்கும். பால்மரம் வெட்டியவனுக்கு வாசற்படிக்கு வெளியே வெயில். 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய பெரியார் இந்நாட்டுத் தமிழரிடம் சுயமரியாதையைப் பேசினாரென்றால், நிற்பவனை உட்காரச் சொல்லும் பேச்சும் அதனுள் அடங்கியதே. இன்று கணக்கெழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாம் இதனை எழுதுவது பழங்கடன் ஒன்றில் சிறிது தீர்ப்பதற்கே.

ஆதலின், பொருட்காட்சிசாலையில் இருக்கை எங்ஙனம் அமைய வேண்டும் என்னும் கேள்வி தச்சுவேலையை மட்டும் பற்றியதன்று.

சுங்கைப் பட்டாணிக்கு வடமேற்கே, ஜெராய் மலையடிவாரத்து மெர்போக்கில், லெம்பா பூஜாங் தொல்பொருட் காட்சிசாலை 1980இல் திறக்கப்பட்டது. மலாயில் சண்டி என வழங்கும் பழங்கோயில்களுள் ஒன்றாகிய புக்கிட் பத்து பஹாட் சண்டி அதன் வளாகத்தில் நிற்கிறது. குவாரிச் வேல்ஸ் என்பார் 1936-37இல் ஆராய்ந்த அதனை, 1959-60இல் அலஸ்டேர் லாம்ப் மீண்டும் அடுக்கி நிறுத்தினார். 1025இல் சோழர் படை தாக்கிய கடாரம் இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கொள்கை. நம்மவர் அங்கே சென்றால் இராசேந்திரனை நினைத்து மீசையை முறுக்குவர். கல்லைச் சுமந்தவனையும் கலத்தில் துடுப்பு வலித்தவனையும் நினைப்பவர் சிலரே. நின்றபடி கடந்து செல்பவனுக்கு அரசன் பெயர் ஒன்றே நினைவில் நிற்கும். சற்று உட்கார்ந்து பார்ப்பவனுக்கே, 'இதைக் கட்டிய கை யாருடையது?' என்னும் கேள்வி எழும். 2013இல் இதே பூஜாங் பள்ளத்தாக்கில் நிலம் திருத்துகையில் ஒரு பழஞ்சண்டி இடிக்கப்பட்டது. கல்லை வெறுங்கல்லாகக் கண்டதன் பயன் அது.

நின்று பார்ப்பதில் உடலுக்கும் கேடுண்டு. பாஸ்டன் நகரக் காட்சிசாலையின் பெஞ்சமின் கில்மன், பேழைகளிலுள்ள பொருள்களைக் காண ஒரு மனிதர் குனிந்தும் வளைந்தும் படும் பாட்டைப் படம்பிடித்து, 'காட்சிசாலைக் களைப்பு' என்று 1916இல் எழுதினார். கால் கடுத்தவனுக்குக் கண் மங்கும். சென்னைக் காட்சிசாலை 1851இல் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியது. ஜனங்கள் அதனைச் 'செத்த காலேஜ்' என்றனர். காட்சிசாலை ஒரு காலேஜேயாயின், அதிற் பயில வருவோனுக்கு ஓர் இருக்கை வேண்டாவா?

அவ்விருக்கை எத்தகையது? 1859இல் வியன்னாவின் தோனெத் தொழிலகம் ஒரு வளைமர நாற்காலியை வெளியிட்டது. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு மரை, அவ்வளவே. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. நம் ஊர்ப் பழைய சீனர் கோப்பிக்கடை நாற்காலி அவ்வழி வந்ததே. அதில் அமரச் சாதி கேட்பார் இல்லை. கோப்பிக்குக் காசு இருந்தாற் போதும்.

இன்று வடிவமைப்புப் பயிலும் நம் பிள்ளைகள் காட்சிக்கூடத்திற்கு இருக்கை வரையும் வேலை பெறின், இதனை நினைவிற் கொள்க. ஒரே அளவான சிறு பகுதிகளாகச் செய்து பூட்டினால், பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளில் நீண்ட வரிசையாகவும், மற்ற நாளில் இருவர் மூவர்க்குரிய தனி இருக்கைகளாகவும் மாற்றலாம். ஒன்று பழுதானால் அதனை மட்டும் நீக்கலாம். முதுகுப்பலகை இல்லாத பகுதியில் எப்பக்கமும் நோக்கி அமரலாம். ஆயினும் முதியோர்க்குச் சாய்மானமும், ஊன்றி எழக் கைப்பிடியும், சக்கர நாற்காலியில் வருவோர்க்கு நடுவே இடமும் வேண்டும். சமத்துவமாவது அனைவர்க்கும் ஒரே பலகையைப் போடுவதன்று. எவரையும் வெளியே நிறுத்தாமையே.

மரமோ நம் கைக்கு எட்டியதே. 1876இல் விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த ரப்பர் விதையின் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. பால் வற்றிய மரம் ஏறக்குறைய 25, 30 ஆண்டில் வெட்டப்பட்டு ஒரு காலத்தில் விறகாயிற்று. பூச்சியும் பூசணமும் அரியாதபடி போரான் உப்பு ஏற்றி உலர்த்தும் முறை பரவியபின், அது மேசை நாற்காலிக்குரிய மரமாயிற்று.

விடியுமுன் அம்மரத்தடியில் நின்றே ஆயுளைக் கழித்தவர் நம் தாய்தந்தையர். அம்மரத்தில் செய்த இருக்கையில், கடாரத்துக் கல்லின் முன், தோட்டத்துக் கிழவி ஒருத்தி எவரிடமும் அனுமதி கேளாமல் உட்காரும் நாளே, நம் சரித்திரம் நமக்குச் சொந்தமாகும் நாள்.